நீதியம்மாவும் தருமரும்: நெல்லைச் சீமையில் கருத்துக்குச் சிலை உண்டா?

அண்ணாச்சி கேட்ட கேள்வி, 2024 அக்டோபர் 18

உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் நூலகத்தில் புதிதாக ஒரு நீதிதேவதை வைத்திருக்கிறார்கள். கண்ணில் கட்டு இல்லை, சேலை கட்டியிருக்கிறாள், வாள் இருக்க வேண்டிய கையில் அரசியல் சாசனம். எல்லோரும் கண்கட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கட்சி வேறு. நீதி, முன்னேற்றம், வாணிபம் என்று ஒரு கருத்தை ஆளாக்கிக் கட்டடத்து உச்சியில் நிறுத்துவதே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். நம் சிற்பத்தில் சாமி உண்டு, கதை உண்டு, கருத்துக்குச் சிலை கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் ஒன்றே ஒன்று காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

என் பதில், 2024 அக்டோபர் 18, இரவு

ஒன்று என்ன, ரெண்டு காட்டுகிறேன். திருச்செந்தூர் ரோட்டில் 13 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம், வெங்கடாசலபதி கோயில். அன்னத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். ஆசை என்கிற ஒன்றுக்கு முகமும் கையும் கொடுத்ததுதானே அது? ஆசை இனிக்கும், அதனால் வில் கரும்பு. குத்தும்போது வலிக்காது, அதனால் அம்பு பூ. கையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் இருக்கிறது.

நான் சுதை வேலை செய்கிறவன். கோபுரத்துப் பொம்மை, பள்ளிக்கூட வளைவில் சரஸ்வதி, கல்யாண மண்டபத்து வாசலில் யானை, இதுதான் 26 வருஷமாகச் சோறு போடுகிறது. அதனால் அண்ணாச்சி கேட்டதை விட்டுவிட்டுத் தூங்க முடியவில்லை.

2024 அக்டோபர் 19

அண்ணாச்சி மடக்கிவிட்டார். மன்மதனுக்குக் கதை இருக்கிறது, சிவன் எரித்தார், பெண்டாட்டி அழுதாள், கதை இருந்தால் அது பாத்திரம், கருத்து இல்லை என்கிறார். நியாயம்தான். நேற்று அவசரப்பட்டுவிட்டேன்.

அப்படியானால் தனக்கென்று கதை இல்லாமல், பேரே கருத்தாக இருக்கிற உருவம் வேண்டும். இருக்கிறது. சங்கநிதி, பதுமநிதி. பழைய கோயில் வாசல்களில் ரெண்டு பக்கமும் குட்டையாக, தொந்தியும் தொப்பையுமாக, ஒருவர் சங்கோடும் ஒருவர் தாமரையோடும் இருப்பார்கள். குபேரனுடைய ஒன்பது நிதிகளில் ரெண்டு. செல்வம் என்கிறதை ரெண்டு ஆளாக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இவர்களுக்குத் திருக்கல்யாணம் கிடையாது, திருவிழா கிடையாது. உள்ளே வளம் இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்வது ஒன்றுதான் வேலை. வெள்ளைக்காரர் கட்டடத்தில் நிலைக்கு மேலே நிற்கும் பெண்களுக்கும் அதேதான் வேலை.

சக்கரத்தாழ்வாரையும் சேர்க்கலாமா என்று பார்த்தேன். ஆயுதத்துக்கு ஆள் உருவம் கொடுத்தது. ஆனால் அவருக்குச் சன்னதி, அர்ச்சனை எல்லாம் வந்துவிட்டது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் இழுக்கவில்லை.

2024 அக்டோபர் 20

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிகிறபோது கண்ணகி முன்னால் வருகிறவள் யார்? மதுராபதி. ஊரே பெண்ணாக வந்து நிற்கிறது. இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பொன், இடக்கையில் தாமரை, வலக்கையில் வாள். இந்தப் பாட்டை வைத்துக்கொண்டே கம்பி கட்ட ஆரம்பித்துவிடலாம், வேறு படமே வேண்டாம்.

2024 அக்டோபர் 20, மாலை

பாளையங்கோட்டைத் தம்பி நினைவுபடுத்தினார்: தமிழ்த்தாய். இதை எப்படி விட்டேன்! தினம் காலையில் பள்ளிக்கூடத்தில் கைகட்டி நின்று பாடினதுதானே. நிலத்தைப் பெண்ணாக்கி, கடலை அவளுக்கு உடையாக்கி, பாரதத்தை முகமாக்கிய பாட்டு. எழுதியவர் மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை. அவர் பெயரில்தான் அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே இருக்கிறது. 1970இல் அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கியது. காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கட்டடமும் எழும்பிவிட்டது. அதைக் கோயில் என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கவனியுங்கள், திரும்பி வருகிறேன்.

2024 அக்டோபர் 23

இரண்டு நாள் வள்ளியூர்ப் பக்கம் வேலை, எழுத முடியவில்லை. இனி என் சொந்த அனுபவம்.

2011இல் ஒரு சின்ன ஊரில் வக்கீல்கள் சேர்ந்து கட்டிய கட்டடத்துக்கு, முகப்பில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு நீதிதேவதை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சினிமாவில் கோர்ட்டு சீனில் மேஜை மேல் நிற்குமே, அந்தப் பொம்மையின் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்தடி உயரம். செங்கல் எழுப்பி, கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்டுப் பூச்சு. முகம் எடுப்பதும் துணி மடிப்பு விடுவதும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கைதான் பிரச்சினை.

கல்லிலும் சுதையிலும் செய்த நம் சாமிகளைக் கவனித்துப் பாருங்கள். கை உடம்பை விட்டு வெகுதூரம் போகாது. அபயக் கை மார்புக்குப் பக்கத்தில் இருக்கும், தொங்கும் கை தொடையை ஒட்டி இருக்கும், மேல் கைகள் தோளுக்கு மேலே எழும்பும். வெளியே நீளுகிற கைக்குப் பின்னால் தாங்கலுக்குத் திருவாசியோ சுவரோ இருக்கும். பொருள் தாங்குகிற அளவுக்குத்தான் உருவம். இந்த அம்மாளோ ஒரு கையைப் பக்கவாட்டில் ஒன்றே முக்கால் அடி நீட்டி, நுனியில் தராசைத் தூக்க வேண்டும். வெண்கலத்தில் வார்க்கிறவர்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. சிமெண்டில் அத்தனை பாரமும் முழங்கையில் வந்து நிற்கும்.

கம்பி ஒப்பந்தக்காரர் கொடுத்தது. ஏற்கெனவே துரு ஏறியிருந்தது. தேய்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார், நானும் சரி என்றுவிட்டேன். நாலு ஐப்பசி மழை தாங்கியது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் உள்ளிருந்தே சிமெண்டைப் பிளக்கும். முழங்கைக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அடுத்த வருஷம் அதிலிருந்து பழுப்பாக ஒரு கசிவு, முந்தானை வரைக்கும்.

தராசுத் தட்டு ரெண்டும் பித்தளை. டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டேன். முதல் மழையிலேயே ஒரு தட்டில் தண்ணி நின்று கோல் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கீழே ஆட்கள் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வழக்குக்கு வந்திருந்த ஒருவர், மேலே தூக்கிப்போன தட்டைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. சாரம் கட்டி ஏறி, ரெண்டு தட்டுக்கும் நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டேன். தண்ணி நிற்கவில்லை. அப்புறம் ஆடிக் காற்று. தட்டுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளே பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று, கோல், சங்கிலி எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து அசையாமல் பண்ணச் சொன்னார்கள். பண்ணிக் கொடுத்தேன். ஆடாத ஒன்றைத் தராசு என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. திறப்பு விழா முடிந்து மூணு மாசம் கழித்துப் போகிறேன், கண்கட்டுக்கு மேலே நெற்றியில் குங்குமம். கழுத்தில் காய்ந்த கதம்பம். காலடியில் ரெண்டு எலுமிச்சம்பழம். காவல்காரர் சொன்னார், தீர்ப்பு நாளில் கட்சிக்காரர்கள் மாடிக்கு ஏறிக் கும்பிட்டுவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போகிறார்களாம். ஒரு ஆச்சி "நீதியம்மா" என்று பேர் வைத்தே கூப்பிட்டாராம்.

அண்ணாச்சி, என் பதில் இதுதான். நம் பக்கம் கருத்துக்கு உருவம் கொடுக்க ஆளில்லாமல் இல்லை. கொடுத்த உருவத்தை ஜனங்கள் கருத்தாக விட்டுவைக்கிறதில்லை. ஒரு மழைக்காலம் தாண்டினால் அது அம்மனாகிவிடுகிறது. தமிழ்த்தாய்க்கும் அதுதான் நடந்தது.

2024 அக்டோபர் 24

கண்கட்டைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு. அது ஆதியில் கிடையாது. ரோமானியர்களின் நீதிதேவிக்குக் கண் திறந்துதான் இருந்தது. 1494இல் பாசல் நகரில் அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில் ஒரு கோமாளி பின்னால் நின்று அவள் கண்ணைக் கட்டுகிறான். கேலிப் படம், நீதி குருடாகிப் போயிற்று என்று சொல்ல வரைந்தது. ஐம்பது வருஷத்துக்குள் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து நீரூற்றுத் தூணில் 1543இல் வைத்த நீதிச் சிலைக்குக் கண்ணைக் கட்டியே செய்தார்கள், ஆளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவள் என்று. லண்டனில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்து உச்சியில் நிற்கிறவளுக்கு இன்றைக்கும் கண்கட்டு கிடையாது. ஆகவே டெல்லியில் அவிழ்த்ததில் ஒரு குற்றமும் இல்லை.

உச்ச நீதிமன்றக் கட்டடமே தராசு வடிவம்தான். நடுக்கட்டு கோல், ரெண்டு சிறகும் தட்டு. அதன் புல்வெளியில் 1978இல் சிந்தாமணி கர் செய்த கருப்பு வெண்கலச் சிலை ஒன்று வைத்தார்கள். தாய் இந்தியா, அவள் அணைப்பில் இருக்கிற பிள்ளைதான் குடியரசு, பிள்ளை கையில் திறந்த சட்டப் புத்தகம். குடியரசு சின்னப் பிள்ளை, இன்னும் வளர வேண்டியது என்று ஒருவர் வெண்கலத்தில் சொல்லியிருக்கிறாரே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2024 நவம்பர் 3

தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது பம்பாய்ப் பேச்சு வந்தது. மாமா தாராவியில் ரொம்ப வருஷம் இருந்தவர். நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1996இல், ஒரு மாசம் அங்கே போய்த் தங்கினேன். வீ.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன் கும்மட்டத்து உச்சியில் ஒரு பெண் நிற்கிறாள். முன்னேற்றம் என்று பேர். வலக்கையில் சக்கரம், இடக்கையில் தீப்பந்தம். 1888இல் ஸ்டீவன்ஸ் கட்டி முடித்த கட்டடம். வாசல் தூண்கள் ரெண்டின் மேல் ஒரு சிங்கமும் ஒரு புலியும், சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. கழுத்து வலிக்கிற மட்டும் நின்று பார்த்தேன். மாமா தினம் அந்த வாசல் வழியாகப் போய் வந்தவர். மேலே இருப்பது யார் என்று கேட்டேன். "யாரோ வெள்ளைக்காரச் சாமி" என்றார்.

பம்பாய் உயர் நீதிமன்றத்து உச்சியில் நீதியும் கருணையும் ரெண்டு பெண்களாக நிற்கிறார்கள். கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்தில் நீதி, வாணிபம், அறிவியல், வேளாண்மை என்று நாலு பேர். எட்டாத உயரம். கீழே போகிறவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை. மாலை விழவில்லை, குங்குமம் விழவில்லை. அப்போது எனக்கு அது மரியாதையான தூரமாகத் தெரிந்தது. இப்போது அந்தச் சிலைகளைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது.

இடையில் ஒரு நல்ல முயற்சி உண்டு. டெல்லியில் ரிசர்வ் வங்கி வாசலில் ராம்கிங்கர் பைஜ் செய்த யட்சனும் யட்சியும். யட்சி வேளாண்மை, யட்சன் தொழில். யட்சன் கையில் பணப்பையும் பல்சக்கரமும். பணம் இருக்கிற வீட்டு வாசலில் குபேரனுடைய ஆட்களை நிறுத்துவது நம் சங்கநிதி பதுமநிதி வழிதான். பழைய வாசல் காவலன் கையில் பல்சக்கரத்தைக் கொடுக்கலாம் என்று தோன்றியதே, அதுதான் சிற்பி.

2024 நவம்பர் 4

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. பம்பாய்ப் பெண்ணுக்கு வலக்கையில் தீப்பந்தம், இடக்கையில் சக்கரம். மாற்றி எழுதிவிட்டேன். சிலை செய்கிறவன் கையை மாற்றிச் சொல்லக் கூடாது.

தூத்துக்குடித் தம்பி மெரினா உழைப்பாளர் சிலையைச் சொன்னார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1959. நாலு ஆம்பளைகள் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். பேர் இல்லை, கதை இல்லை, உழைப்பு என்கிற ஒன்றே ஒன்று. அவர்களை யாரும் சாமியாக்கவில்லை. ஆக, நான் அக்டோபர் 23இல் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பெண்ணாக, ஒற்றையாக, நேராக நம்மைப் பார்த்து நிற்கிற உருவம்தான் அம்மனாகிறது. ஒரு வேலையில் இறங்கி, நம்மைப் பார்க்காமல் இருக்கிற உருவம் மனிதராகவே இருக்கிறது. இது எனக்குப் பெரிய பாடம்.

2024 நவம்பர் 17

இன்றைக்கு ஞாயிறு, கிருஷ்ணாபுரம் போனேன். இந்த விவாதம் ஆரம்பித்ததிலிருந்து மனசு அங்கேயே இருந்தது. ரதியைப் பார்க்கத்தான் போனேன், பார்த்துக்கொண்டு நின்றது வேறொன்றை.

புருஷாமிருகம். மேலே மனிதன், கீழே மிருகம். பீமனோடு கட்டிப் புரள்கிறது, நியாயம் சொல்லத் தருமர் இருக்கிறார். கதையை எங்கள் ஆச்சி சொன்னபடி சொல்கிறேன். யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்து வரப் பீமன் போகிறான். அது சிவ பக்தன். வழியில் உன்னைப் பிடித்துவிட்டால் நீ எனக்கு, உன் எல்லையைத் தொட்டுவிட்டால் நீ தப்பினாய் என்று பேச்சு. பீமன் ஓடுகிறான், ருத்திராட்சத்தை ஒவ்வொன்றாகப் போடுகிறான், விழுந்த இடத்திலெல்லாம் லிங்கம், அது நின்று பூசை செய்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடுகிற சிவாலய ஓட்டம் இந்தக் கதையில் வந்ததுதான். கடைசியில் பீமன் எல்லைக்குள் ஒரு காலை வைத்துவிட்டான், வெளியே இருந்த காலை அது பிடித்துக்கொண்டது. வழக்கு தருமரிடம் வருகிறது. தம்பிதான் பிரதிவாதி. தருமர் சொன்ன தீர்ப்பு: உள்ளே இருக்கிற பாதி உடம்பு பீமனுக்கு, வெளியே இருக்கிற பாதி புருஷாமிருகத்துக்கு. அந்தத் தீர்ப்பைக் கேட்டு மனசு நிறைந்துதான் அது பீமனை விட்டது.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது தருமர் மேல் கோபம் வந்தது. இன்றைக்குத் தூண் முன்னால் நின்றபோது வரவில்லை. ஐரோப்பாவில் நீதியின் கண்ணைக் கட்ட வேண்டியிருந்தது, எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் இருக்க. இங்கே கண் திறந்திருக்கிறது, எதிரே நிற்பது கூடப் பிறந்தவன், தீர்ப்பு மட்டும் மாறவில்லை. கட்டடத்து உச்சியில் வைக்க நீதிக்கு ஒரு சிலை கேட்டால், இனி நான் காட்டுவது இதைத்தான்.

அண்ணாச்சி, உங்கள் பேச்சில் பாதி சரி. நம்மவர்கள் நீதி என்ற பேரில் ஒரு பெண்ணை உண்டாக்கவில்லை. நீதிக்காக மகனையோ தம்பியையோ விட்டுக்கொடுக்கத் துணிந்த ஒருவரைக் காட்டினார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்ததும் இதே வழிதான். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன். கருத்தை ஆளாக்குவது அவர்கள் வழி. ஆளைப் பார்த்துக் கருத்தைத் தெரிந்துகொள்வது நம் வழி.

தூணை விட்டு வரும்போது புருஷாமிருகத்தின் விரல்களைப் பார்த்தேன். பீமனை இறுக்கிப் பிடித்த இடத்தில் சதை உள்ளே அமுங்கியிருக்கிற மாதிரி கல்லைக் குழித்திருக்கிறார்கள். சிமெண்டிலேயே எனக்கு அது வராது.

2024 டிசம்பர் 8

இது வருத்தம், எழுதாமல் இருக்க முடியவில்லை. டவுனில் ஒரு பழைய நெல் மண்டியின் முகப்பில் கஜலட்சுமி ஒன்று இருந்தது. ரெண்டு யானை, நடுவில் லட்சுமி, கீழே வருஷம். சுண்ணாம்புச் சுதை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணி விட்டு அரைத்த சாந்து, விரலால் தடவினால் தந்தம் மாதிரி வழுவழுப்பு. நான் தொழில் கற்றபோது என் குரு என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய முதல் வேலை அது. சாமியாகவும் இருந்தாள், "இங்கே வியாபாரம் செழிக்கும்" என்கிற பலகையாகவும் இருந்தாள். போன வாரம் போனால் முகப்பு முழுக்கப் பளபளவென்று புதுத் தகடு. பின்னால் இருக்கிறாளா என்று கேட்டேன். தகடு ஒட்ட விடாமல் துருத்திக்கொண்டிருந்ததாம், கொத்தி எடுத்துவிட்டார்களாம். யானையின் தும்பிக்கைத் துண்டு ஒன்று சாக்கடை ஓரத்தில் கிடந்தது. எடுத்து வந்து பட்டறையில் வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்து என் பழைய நீதியம்மாவைப் பார்க்கப் போனேன். கையை யாரோ பூசிச் சரிபண்ணியிருக்கிறார்கள், கொஞ்சம் தடித்துவிட்டது. குங்குமம் புதுசு. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் வேலை கெட்டுப்போன மாதிரி இருக்கும். இந்தத் தடவை அப்படி இல்லை. ஆச்சி கும்பிட்டது சிமெண்டை இல்லை, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற நம்பிக்கையை. பம்பாயில் மாமா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையே.

போகிற வழியில் ஒன்று தோன்றியது. துலாக்கோல், செங்கோல். ரெண்டும் கோல். குறளில் நடுவு நிலைமைக்கு உவமையாக வருவதே துலாக்கோல்தான். கோல் நேராக நிற்க வேண்டும் என்கிற ஒன்றைத் தமிழ் இத்தனை காலம் சிலையே இல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வேறொரு சேதி. ஒரு கிராமத்து நூலகத்து முகப்பில் ஏதாவது செய்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சரஸ்வதி என்று சிலர் சொன்னார்கள். அந்த ஊரில் பள்ளிவாசலும் உண்டு, சர்ச்சும் உண்டு, மூணு தெருப் பிள்ளைகளும் வந்து படிக்கிற இடம். அறிவுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு உருவம் வேண்டும். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

2025 பிப்ரவரி 9

விளக்கு, ஏடு, மயில் என்று பல பேர் எழுதினீர்கள். மெரினா பாறையைச் சொன்ன தம்பிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பாவாடை சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை, கால் மடக்கி உட்கார்ந்து படிக்கிறாள். கிரீடம் இல்லை, நாலு கை இல்லை, நம்மைப் பார்க்கவும் இல்லை, பார்வை புத்தகத்தில். ஊர்க்காரர்களுக்கு மூணு படம் வரைந்து காட்டினேன், இதைத்தான் எடுத்தார்கள். கம்பி இந்தத் தடவை நானே வாங்கினேன். ரெண்டு கையும் மடியில் இருக்கிறது, வெளியே எதுவும் நீளவில்லை. நேற்று முகம் முடிந்தது. திறந்த புத்தகத்தின் நடு மடிப்பில் மழைத் தண்ணி நிற்கும், அதனால் அங்கே ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறேன்.